உடுப்புப் பையும் உறுதிப் பையும்

சனிக்கிழமை. புறப்பட ஆறு நாள்

வருடப் பிறப்புக்குச் சுட்ட பலகாரம் இன்னும் ரின்னில் மிச்சம் இருக்கிறது. நேற்று இரவு அண்ணா கேற்றடியில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "தங்கச்சி, பஸ் பிடிச்சாச்சு. வெள்ளிக்கிழமை விடிய நாலு மணி. சாமான் அடுக்கிற வேலை உன்ர பொறுப்பு."

நான்கு குடும்பம், 23 பேர். மூத்தவர் எங்கள் அம்மா, வயது 74. இளையவன் மச்சாளின் மகன், நாலு வயது. கொக்குவிலில் இருந்து ஏ-9 வீதியால் கண்டி, அங்கே ஓர் இரவு. பிறகு நுவரெலியா இரண்டு இரவு. சீதா எலிய, எல்ல எல்லாம் பார்த்துக்கொண்டு கீழே இறங்கிக் கதிர்காமம். திரும்பும்போது மட்டக்களப்பு, திருகோணமலை வழி. கோணேசரையும் கும்பிட்டு, கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் குளித்துவிட்டு வீட்டுக்கு வருவதாகத் திட்டம்.

ஒரே நாளில் நுவரெலியாவுக்கே போய்விடலாம் என்று சித்தப்பா சொன்னார். அண்ணாவும் நானும் விடவில்லை. கண்டி வரையே 320 கிலோமீற்றர் இருக்கும். அதற்குப் பிறகு றம்பொடைப் பக்கத்து வளைவுகளை இருட்டில் ஏறுவது வேண்டாம். மலைப்பாதையில் பொழுது பட்டபின் ஓடுவதில்லை என்று பஸ்காரரிடம் முற்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட்டோம். அவரும் நல்ல மனிதர். "எனக்கும் அதுதான் விருப்பம் அண்ணை" என்றாராம்.

பஸ் ஒரு றோசா, சின்ன ரகம். பெரிய சொகுசு பஸ்களுக்கு இருப்பதுபோல அடியில் ஆழமான டிக்கி இதற்குக் கிடையாது. கடைசிச் சீற்றுக்குப் பின்னால் உள்ள இடம்தான் சாமானுக்கு. ஆகவே வட்ஸ்அப் குழுவில் இன்று காலையே போட்டுவிட்டேன்: குடும்பத்துக்கு ஒரு பெரிய பை, அதுவும் துணிப்பை. சில்லு வைத்த கட்டிச் சூட்கேஸ் வேண்டாம். துணிப்பை என்றால் இடுக்கில் அமுக்கி வைக்கலாம், சூட்கேஸ் மூன்று வந்தாலே பின்பக்கம் நிறைந்துவிடும். அதைவிட ஆளுக்கொரு சின்னக் கைப்பை, மடியிலோ காலடியிலோ வைக்க.

மாமி உடனே குரல் பதிவு அனுப்பினார். "பிள்ளை, ஒரு பைக்குள்ள நாலு பேரின்ர உடுப்பு எப்பிடிக் கொள்ளும்?" கொள்ளும் மாமி. நாளைக்கு வந்து அடுக்கித் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நாள்

யாழ்ப்பாணத்தில் இந்தச் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு குளிருக்கு உடுப்புத் தேடுவது கடினம். முற்றத்தில் காலை வைக்க முடியவில்லை, மணல் சுடுகிறது. நுவரெலியாவோ 1868 மீற்றர் உயரத்தில். பகலில் மெல்லிய குளிர்தான், இரவில் பல்லுக் கிட்டும். சித்திரையில் அங்கே பின்நேரம் மழையும் இறங்கும்.

எங்கள் ஊரில் எந்த வீட்டில் ஸ்வெட்டர் இருக்கிறது? இருக்கிறது, ஆனால் அலுமாரியின் மேல்தட்டில், கனடாவில் இருந்து வந்தவர்கள் விட்டுப்போன பையில். நான்கு வீட்டு மேல்தட்டையும் இறக்கினோம். ஒன்பது ஜாக்கெற், நான்கு ஸ்வெட்டர், ஒற்றைக் கையுறைகள் பல. சித்தி 2017 இல் விட்டுப்போன ஊதா ஜாக்கெற் என் மகளுக்கு அளவாக இருக்கிறது. அவளுக்குப் பதினான்கு வயது. கண்ணாடிக்கு முன்னால் நின்று கழற்றவே மாட்டேன் என்கிறாள், முகம் முழுக்க வியர்வை.

பழைய ஜாக்கெற்றை அப்படியே பைக்குள் திணித்துவிடக் கூடாது. வருடக் கணக்காக மூடிக் கிடந்ததில் பூச்சி உருண்டை மணம் ஏறியிருக்கும். பூட்டிய பஸ்ஸுக்குள் அந்த மணமே பாதிப் பேருக்கு வாந்தியைக் கொண்டுவரும். எல்லாவற்றையும் கொடியில் போட்டிருக்கிறேன், இரண்டு நாள் வெயில் காயட்டும். குறைகிறவர்களுக்கு நுவரெலியாக் கடைத்தெருவிலேயே கம்பளி உடுப்பு மலிவாக வாங்கலாம். ஆகவே இங்கே புதிதாக வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் சொன்னேன்.

உண்மையில் தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று நல்லது. சேட்டுக்கு மேல் ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று போட்டுக்கொண்டு போனால் எல்ல தாண்டி வெல்லவாயவுக்கு இறங்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கதிர்காமத்தில் திரும்பவும் நம்மூர் வெயில்தான்.

மாமியின் பையை அடுக்கிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு பொலித்தீன் பை, ஒவ்வொரு பைக்குள்ளும் நாள் வாரியாகச் சுருட்டிய உடுப்பு. இரண்டாம் நாள் கண்டித் தலதா மாளிகைக்கு வெளிர் நிறத்தில், தோளும் முழங்காலும் மூடும்படி ஒன்று. ஐந்தாம் நாளுக்குரியதில் இரண்டு மாற்று உடுப்பு, ஏனென்றால் மாணிக்க கங்கையில் குளித்துவிட்டுத்தான் முருகனிடம் போவோம். ஈர உடுப்புக்கு வெறும் பை ஒன்று. நாலு பேருக்கும் கொண்டது. மாமிக்குப் பெரிய சந்தோசம்.

திங்கட்கிழமை. நான்கு நாள்

இன்றைய பொழுது முழுவதும் அம்மாவின் மருந்துக்குப் போனது. போகட்டும், இதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமான வேலை.

அம்மாவுக்குப் பிறஷரும் சீனியும். கிளினிக் திகதி நாங்கள் கதிர்காமத்தில் நிற்கும் நாளில் விழுகிறது. கொப்பியைக் கொண்டுபோய் விளக்கமாகச் சொன்னதும் முன்கூட்டியே மருந்து தந்தார்கள். ஆறு நாளுக்கு வேண்டியதை எண்ணி, மேலதிகமாக நான்கு நாளுக்கும் சேர்த்து வைத்தேன். வழியில் எதுவும் நடக்கலாம்.

மூன்று வருடத்துக்கு முன் திருகோணமலை போனபோது மருந்துப் பையைப் பெரிய பைக்குள் வைத்துவிட்டேன். அதற்கு மேல் எட்டுப் பை ஏறிவிட்டது. ஹொறவப்பொத்தானைப் பக்கம் அம்மாவுக்குச் சீனி இறங்கிக் கை நடுங்க ஆரம்பித்தது. பஸ்ஸை வீதியோரம் நிறுத்தி, ஒவ்வொரு பையாக இறக்கி, நான் அழுதழுது தேடியது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. பஸ்ஸில் இருந்த யாரோ ஒரு பிள்ளையின் ரொபிதான் அன்றைக்கு அம்மாவைக் காப்பாற்றியது. அன்றைக்கு எடுத்த முடிவு இது: மருந்து, அடையாள அட்டை, காசு, தண்ணீர், ஒரு மாற்று உடுப்பு, இந்த ஐந்தும் எப்போதும் கை எட்டும் தூரத்தில். மற்றது எதுவும் பின்னால் போகலாம்.

அம்மாவின் கைப்பைக்குள் இப்போது இருப்பவை: காலை மாலை என்று பிரித்த குளிசை, கிளினிக் கொப்பி, கிறீம் கிறாக்கர் இரண்டு பக்கற், குளுக்கோஸ், ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் தூள்) இரண்டு, சித்தாலேபத் தைலம், சின்னத் துவாய், சவுக்காரத் துண்டு. சாப்பாட்டு நேரம் பிந்தினால் அம்மா தானே பிஸ்கற் எடுத்துச் சாப்பிட வேண்டும், என்னைத் தேடக் கூடாது. கால் வீங்கும் என்பதால் இரண்டு மணிக்கு ஒருக்கால் நிறுத்திக் கொஞ்சம் நடக்கவிட வேண்டும் என்று பஸ்காரருக்கும் சொல்லியாயிற்று. அது எல்லாருக்கும் நல்லது. மலசலகூடத்துக்கும் வசதி. வழியில் உள்ளவற்றுக்குக் காசு கட்ட வேண்டிவரும், ஆகவே இருபது ரூபா, ஐம்பது ரூபாத் தாளாக மாற்றி ஒரு சின்னப் பேர்ஸில் போட்டிருக்கிறேன். மகளுக்குத் திடீரென்று தேவைப்படக்கூடியதையும் அவளுடைய பையின் பக்க அறையில் வைத்து, எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டேன். தாய்மார் இதை மறக்கக் கூடாது. நடுவழியில் பிள்ளை சொல்ல வெட்கப்படும்.

வாந்திக்கு அவோமின். மருந்துக்கடையில் வயதைச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை, புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். நித்திரை வரும், அது பரவாயில்லை. அதோடு தேசிக்காய் பத்து, வேர்க்கொம்பு ஒரு கை. தேசிக்காயை நகத்தால் கீறி மணந்துகொண்டிருந்தால் பாதி வளைவு கடந்துவிடும் என்பது எங்கள் அப்பம்மாவின் வைத்தியம்.

செவ்வாய்க்கிழமை. மூன்று நாள்

சீற் பிரித்தோம். வாந்தி வருகிற பிள்ளைகள் முன்னுக்கு, சில்லுக்கு மேலே யாரும் வயதானவர்கள் வேண்டாம், அம்மா வாசலுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம். சித்தப்பாவுக்கு முன் சீற் இல்லை என்று கொஞ்சம் மனவருத்தம். பிறகு தானாகவே சரியாகிவிட்டார்.

வேறு பெரிதாக ஒன்றும் இல்லை இன்று.

புதன்கிழமை. இரண்டு நாள்

நினைத்ததைவிடக் கடினமான நாள்.

அம்மாவின் உடுப்பை அடுக்கிக்கொண்டிருந்தேன். நான்கு சேலை, ஒரு சால்வை, கம்பளித் தொப்பி. பக்கத்தில் அம்மா அந்தப் பச்சைத் துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பை அது. காணி உறுதி, எங்கள் எல்லாருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரம், அம்மாவின் கலியாண எழுத்துப் பத்திரம், வங்கிப் புத்தகம், அப்பாவின் படம் ஒன்று.

"அம்மா, இது சுற்றுலா. உறுதி எதுக்கு?"

"கிடக்கட்டும் பிள்ளை. பாரமோ அது?"

பாரம் இல்லைதான். ஆனால் ஆறு நாள், ஐந்து இடம், சனக்கூட்டம். எங்காவது தவறிவிட்டால் என்ன செய்வது? மகள் எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் பிடித்துத் தருகிறேன் என்றாள். "அம்மம்மா, இஞ்ச பாருங்கோ, எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்று காட்டினாள். அம்மா பொறுமையாகப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார். பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்தார்.

அதற்குப் பிறகு அம்மா இரவு சாப்பிடவில்லை.

1995 ஒக்ரோபர் 30, யுத்த காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று இரவு வலிகாமம் முழுவதும் வீட்டை விட்டு எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நல்ல மழை. கொக்குவிலில் இருந்து நாவற்குழிப் பாலம் முக்கால் மணிச் சைக்கிள் ஓட்டம். நாங்கள் விடியும் வரை நடந்தோம், காலைத் தூக்கி வைக்க இடமில்லாத சனம். அப்பா கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் எங்கள் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். அம்மா ஒரு பெட்டியை வழியில் போட்டார், பிறகு சட்டிப் பானையைப் போட்டார், பிறகு தன் சேலைகளைப் போட்டார். இந்தப் பச்சைப் பையை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை, ஓடும் இல்லை. காணி எங்களுடையது என்று காட்ட அம்மாவின் கையில் உறுதி இருந்தது.

நான் ஐந்து நாளாகப் பை அடுக்குவதைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா வாழ்நாளில் அடுக்கிய பைகளில் ஊர் பார்க்கவென்று அடுக்கியது எத்தனை? திருகோணமலைக்கு ஒன்று, இப்போது இது. மற்ற எல்லாம் ஓடுவதற்கு அடுக்கியவை. அந்த அம்மாவிடம் போய், இது தேவை, இது தேவையில்லை என்று நான் பிரிக்கிறேன்.

பத்து மணிக்கு எழும்பி அலுமாரியைத் திறந்தேன். எல்லாப் பத்திரத்தையும் பொலித்தீன் உறையில் போட்டு, வாயை மடித்து ஒட்டி, திரும்பப் பச்சைப் பைக்குள் வைத்தேன். தோளில் குறுக்காகப் போடும்படி ஒரு நீளமான வார் தைத்தேன். அம்மா படுத்திருந்தார், நித்திரை இல்லை. பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"நல்லாத் தைச்சிருக்கிறாய்."

வியாழக்கிழமை. நாளைக்கு

சமையல். விடிய ஐந்துக்கே தொடங்கிவிட்டோம், மாமியும் மச்சாளும் வந்துவிட்டார்கள். கதிர்காமம் போய்க் கும்பிடும் வரை எல்லாரும் சைவம் என்று முடிவு. மச்சம் காய்ச்சாத சட்டிகளைத்தான் எடுத்தோம்.

இந்த வெக்கையில் எது பழுதாகும், எது தாங்கும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பச்சைத் தேங்காய் போட்ட எதுவும் மத்தியானம் தாண்டாது. ஆகவே புட்டும் இடியப்பமும் வேண்டாம் என்று விட்டோம். பிள்ளைகளுக்குக் கவலைதான். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சாதம், நாளை மத்தியானத்துக்கு. அரிசியை உதிரியாக வடித்து, ஆறவிட்டு, புளிக்காய்ச்சலில் பிரட்டி, வாட்டிய வாழையிலையில் ஆளுக்கொரு பார்சல். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பழுதாகும். ஆறும் வரை மூன்று பேர் விசிறியோடு நின்றோம். காலைச் சாப்பாட்டுக்குப் பாணும், தேங்காயை நன்றாக வறுத்து இடித்த சம்பலும்.

கொறிப்பதற்கு வருடப் பிறப்புப் பலகாரம் மிச்சம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. முறுக்கு, சிப்பி, பயற்றம் பணியாரம். அதோடு மச்சாள் கொண்டுவந்த பருத்தித்துறை வடை இரண்டு பக்கற். அந்த வடை போல ஒரு பயணச் சாப்பாடு கிடையாது என்பது என் எண்ணம். தட்டையாக, மொறுமொறுப்பாக, வாரக் கணக்கில் இருந்தாலும் பதம் மாறாது.

பிளாஸ்கில் ஊற்றக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இடித்து வைத்தாயிற்று. தண்ணீர் ஐந்து லீற்றர்ப் போத்தல் ஆறு. தறப்பாள் ஒன்று, கயிறு, ரோச் லைற், பவர் பாங்க் இரண்டு, குப்பைக்குப் பெரிய பை மூன்று. வழியெல்லாம் வாழையிலையும் பொலித்தீனும் எறிந்துகொண்டு போகக் கூடாது, அதில் நான் கண்டிப்பு. வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் ஒன்று, கற்பூரம்.

பின்நேரம் நல்லூருக்குப் போய்க் கும்பிட்டு வந்தோம். வந்ததும் மகன் தன் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து காட்டினான். அதுதான் நான் பிள்ளைகளுக்கு வைத்த பரீட்சை: உன் பையை நீயே தூக்கிக்கொண்டு வளவைச் சுற்றி வா, முடியாவிட்டால் ஒன்றை வெளியே எடு. இரண்டாம் சுற்றில் கிரிக்கெற் மட்டை வெளியே வந்தது. பந்து மட்டும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை. முறிகண்டியில் இருந்து

மூன்று மணிக்கே எல்லா வீட்டிலும் லைற். பஸ் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே சந்திக்கு வந்துவிட்டது. பெரிய பைகள் நாலும் பின்னால் போயின, இடமும் மிச்சம். மாமி ஒரு தலையணையைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்தார். ஏற்றினோம். சாப்பாட்டுப் பெட்டி கடைசியாக ஏறியது, முதலில் எடுக்க வேண்டியது அதுதானே.

அம்மா ஜன்னலோரம். சால்வை போர்த்து, மடியில் கைப்பை, தோளில் குறுக்காகப் பச்சைப் பை. காலடியில் ஒன்றும் இல்லை, கால் நீட்டுவதற்காக.

செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போது இன்னும் இருட்டு. பாலம் இப்போது அகலம், பஸ் அரை நிமிடத்தில் கடந்துவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் திறக்கச் சொன்னார் அம்மா. உப்புக்காற்று வந்தது. தண்ணீர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைத் தட்டினார்.

"பிள்ளை, கொண்ணையைக் கேள். எல்லாரும் இருக்கினமோ எண்டு."

அண்ணாவுக்குக் கேட்டுவிட்டது. எழும்பி நின்று பின்னாலிருந்து முன்னால் வரை எண்ணிக்கொண்டு வந்தார். நித்திரையில் கிடந்த பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இருபத்திமூண்டும் இருக்கு அம்மா."

ஆனையிறவில் வெளிச்சம் வரத் தொடங்கியது. உப்பளப் பக்கம் வானம் சிவந்துகொண்டு வந்ததைப் பிள்ளைகள் எழும்பிப் பார்த்தார்கள். இதுவரை யாரும் வாந்தி எடுக்கவில்லை.

முறிகண்டியில் நிறுத்தாமல் போகிற வாகனத்தைக் காண்பது அரிது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, அம்மாவை மெதுவாக ஒரு சுற்று நடக்க வைத்தேன். காலில் வீக்கம் இல்லை. குளிசை போட்டு, பாணும் சம்பலும் சாப்பிட்டார், முந்தநாள் இரவு சாப்பிடாததுக்கும் சேர்த்து. இப்போது எல்லாரும் வீதியோரத்தில் பிளேன்ரீ குடிக்கிறார்கள். நான் பஸ் படியில் இருந்து இதை எழுதுகிறேன்.

கோவிலுக்கு முன்னால் வரிசையாக வறுத்த கச்சான் விற்கிறார்கள். அம்மா தானே போய் விலை பேசி இரண்டு பக்கற் வாங்கினார். ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். மற்றது பக்கத்து வீட்டு அக்காவுக்காம், வீட்டைப் பார்த்துக்கொள்பவர். ஆறு நாளைக்குப் பிறகுதான் அவரைக் காண்போம், போகும்போதே வாங்கியாயிற்று.

கைப்பையில் இடம் இல்லை. பச்சைப் பையின் வாயைத் திறந்து, உறுதிக்கும் அப்பாவின் படத்துக்கும் பக்கத்தில் அந்தக் கச்சான் பக்கற்றை வைத்து, வாரை இழுத்துவிட்டார்.

ஹோர்ண் அடிக்கிறார்கள். ஏறுகிறோம்.